கடகடக்கும் விசிறியும் பகலில் தூங்கும் தொழிலாளியும்

ஓசூர் ரோட்டில் உள்ளது சந்தாபுரா. பொம்மசந்திரா, ஜிகினி, அத்திப்பள்ளி தொழிற்சாலைகளுக்கு இங்கிருந்து பஸ் ஏறும் தமிழர்கள் ஏராளம். பலருக்கு ஷீட் போட்ட லைன் வீடுதான் குடித்தனம்.

இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுப்பவருக்குப் பகல்தான் ராத்திரி. 11 மணிக்கெல்லாம் மேலே ஷீட் தோசைக்கல்லாகக் காய்கிறது. விசிறியை நிறுத்தினால் வேர்வை. போட்டால் "கடகட" சத்தம். தூக்கம் கெட்டவர் அன்று இரவே பிரஸ் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். விரல் போனால் வருமா?

சத்தத்தில் பல ரகம்

"கரகர" என்று அரைத்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். பேரிங்கை மாற்றுவதுதான் வழி. சத்தத்தோடு றெக்கை ஆடினால், திருகு தளர்ந்திருக்கலாம், றெக்கை வளைந்திருக்கலாம். மூன்றும் ஒரே செட்டாக இருக்க வேண்டும். பழைய சாமான் கடையில் ஒற்றை றெக்கை வாங்கிப் போட்டால் ஆட்டம் நிற்காது.

கையால் தள்ளினால்தான் சுற்றுகிறது, வேகமும் இல்லை என்றால் பெரும்பாலும் கண்டென்சர் கோளாறு. சிறு செலவுதான். இதற்குப் போய் காயில் கட்டச் சொன்னால், கண்டென்சரை மாற்றிப் பார்த்தாயிற்றா என்று முதலில் கேட்க வேண்டும்.

கொக்கியைக் கவனியுங்கள்

"டக், டக்" சத்தம்தான் ஆபத்தானது. ஷீட் வீட்டில் விசிறி தொங்குவது கான்கிரீட் கொக்கியில் அல்ல, குறுக்கே போட்ட இரும்புப் பைப்பில். மேலே உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தாலும், போல்ட் தளர்ந்தாலும் இந்தச் சத்தம் வரும். நட்டு கழன்று விழாமல் காப்பது ஒரு சின்ன ஸ்பிளிட் பின். அது இல்லாத விசிறிக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைக்கக்கூடாது.

ஸ்டூலில் ஏறும் முன் மெயினையே அணைக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நம்பினால் போதாது. வயரிங் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் விசிறியில் மின்சாரம் இருக்கும்.

புதிது வாங்கினால்...

பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். புதுரக பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். மாதம் 11 யூனிட்டுக்குள் முடியும். சப்-மீட்டர் பார்த்து வீட்டுக்காரரிடம் யூனிட் கணக்கில் பணம் கட்டுபவருக்கு இது லாபம். ஆனால் உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கிறது. பழுதானால் தெருமுனை மெக்கானிக் கைவிரித்துவிடலாம். கியாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

எந்த விசிறியும் காற்றைக் குளிர வைப்பதில்லை. ஷீட்டுக்கு அடியில் சேர்ந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, சுவரின் உச்சியில் சிறு எக்சாஸ்ட் விசிறி வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து வைத்தால் அனல் வெளியேறும். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். காலி செய்யும்போது அட்வான்சில் பிடித்துக்கொள்வாரா என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது.