போன பாக்கெட் ஏன் திரும்பவில்லை?



நமது சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடப்பது நீங்கள் அறிந்ததே. அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கீழே அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் சந்தாக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் உள்ளன. அதே பெட்டியில்தான் நம் பழைய மலர்களை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் மாடியில் உட்கார்ந்தபடியே அந்த மலர்களைத் திறந்து படிக்க வேண்டும் என்பது வகுப்பு ஆசிரியைகளின் ஆசை.

எனக்கும் ஒரு சொந்த ஆசை இருந்தது. 1994 பொங்கல் மலரில் என் மனைவி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். நாக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் கொண்டாடிய முதல் பொங்கலைப் பற்றியது. அவள் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் பேத்தி அந்த வகுப்பில்தான் படிக்கிறாள்.

மேலும் கீழும் தனித்தனி இன்டர்நெட் இணைப்புகள். வெவ்வேறு ஆண்டுகளில் வந்தவை. கமிட்டியில் ஒருவர், "பென்டிரைவில் எடுத்துப் போனால் போதாதா?" என்றார். அதையும் செய்து பார்த்தோம். மூன்றே மாதத்தில் மூன்று விதமான பிரதிகள் ஆகிவிட்டன. ஒரே ஒயரைப் போட்டு இரண்டையும் கோத்துவிடலாமே என்றார் இன்னொருவர். இரண்டு ரூட்டர்களும் முகவரி வழங்கப் போட்டி போடும். கணக்குப் பெட்டியும் பிள்ளைகளின் பெட்டிகளும் ஒரே கூட்டத்தில் கலந்துவிடும். அது சரிப்படாது. விசாரித்த கடைக்காரரோ எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார். சந்தாப் பணம் ஆயிற்றே! "நான் பார்க்கிறேன்" என்று வாய் விட்டேன். சிக்னல், டெலிகாம் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவன் என்ற தெம்புதான்.

விஷயம் இதுதான். அலுவலகக் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1.20. மாடியில் உள்ளவை 192.168.2.10 முதல் 13 வரை. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. அதாவது முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் வீட்டுக் கதவிலக்கம். ஒரு தெருவில் 254 வீடுகள் வைக்கலாம். சொந்தத் தெருவுக்குக் கடிதம் என்றால் கம்ப்யூட்டர் நேரே கொண்டு போய்க் கொடுத்துவிடும். வேறு தெரு என்றால் தன் கேட்வேயிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

நம் இத்வாரி ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். நாகபீடுக்கு 2019 வரை ஓடிய நாரோ கேஜ் வண்டியும், பிராட் கேஜ் வண்டியும் அங்கே வந்து நின்றன. ஒன்றின் தடத்தில் மற்றொன்று ஓடாது. சரக்கை இந்தப் பக்கம் இறக்கி அந்தப் பக்கம் ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கேட்வே. ஒரு பழைய கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, லினக்ஸ் ஏற்றி, ஒரு காலை 192.168.1.50 என்றும் மறு காலை 192.168.2.50 என்றும் ஊன்ற வைத்தேன். மாடியிலுள்ள நான்கு பெட்டிகளிலும், "1-ஆம் தெருவுக்குப் போக 192.168.2.50-இடம் கொடு" என்று வழி எழுதினேன்.

பிறகு பிங் அனுப்பினேன். 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலிதான் அதன் பெயர். கேட்வேயின் அருகிலுள்ள காலிலிருந்து பதில் வந்தது. அலுவலகப் பக்கத்துக் காலிலிருந்தும் வந்தது. வெற்றி என்று குதித்தேன். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரோ வாயைத் திறக்கவில்லை.

இங்கேதான் முதல் தடவை ஏமாந்தேன். இரண்டு கால்களும் ஒரே பெட்டியுடையவை. ஆகவே பாக்கெட்டைக் கடத்திவிடாத கேட்வேகூடத் தன் இரண்டு முகவரிகளுக்கும் பதில் சொல்லும். லினக்ஸில் ஐ.பி. ஃபார்வர்டிங் என்ற அமைப்பு 0 என்று இருந்தால் பாக்கெட் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் போகாது. அதை 1 ஆக்கினேன். அப்போதும் பதில் இல்லை. ஒயரை மாற்றினேன், கார்டை மாற்றினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைக்காரரையே கூப்பிடலாமா என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது.

மூன்றாம் ஞாயிறு, வகுப்பில் உதவ வரும் கல்லூரி மாணவி ஒருத்தி என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள். கேட்வேயில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டச் சொன்னாள். என் கேள்விகள் அலுவலகப் பக்கம் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தன. பதில்தான் ஒன்றும் இல்லை.

"அங்கிள், போகிற வழி சரிதான். அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வர வழி தெரியுமா?" என்று கேட்டாள்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். 1986 கோடையில் ஒற்றைத் தடப் பகுதி ஒன்றில் பிளாக் கருவி வேலை செய்யவில்லை. அந்தக் கருவிக்கு ஒரே ஒயர்தான். மின்சாரம் திரும்பி வருவது பூமி வழியாக. ஒயரைக் கம்பம் கம்பமாக நாள் முழுவதும் சோதித்தேன். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் தூங்குகிறார் என்று திட்டியும் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் எர்த் குழி வெயிலில் வறண்டு கிடந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதும் மணி அடித்தது. அன்று கற்ற பாடத்தை இத்தனை ஆண்டு கழித்து மறந்திருக்கிறேன்!

கீழே போய் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து டிரேஸ்ரூட் ஓட்டினோம். மாடிக்கு வர வேண்டிய பாக்கெட் முதலில் போன இடம் 192.168.1.1, அதாவது இன்டர்நெட் ரூட்டர். 2-ஆம் தெருவை அறியாத அது, நம் பாக்கெட்டை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள் நெட்வொர்க் உபயோகத்துக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. வெளியுலகில் அவற்றுக்கு மதிப்பில்லை. "2-ஆம் தெருவுக்கு 192.168.1.50 வழியாகப் போ" என்று அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கட்டளை எழுதினோம். இன்னொன்றும் மீதி இருந்தது. விண்டோஸின் ஃபயர்வால் சொந்தத் தெருக்காரருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அதை அணைக்கவில்லை. மாடித் தெருவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம். பதில் வந்தது.

பிள்ளைகள் வீட்டிலோ கடையிலோ இப்படி இரண்டு நெட்வொர்க் வைத்திருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. இரண்டு தெருவுக்கும் ஒரே எண் இருக்கக் கூடாது. பல ரூட்டர்கள் 192.168.1 என்றே வருகின்றன, ஒன்றை மாற்றுங்கள்.

2. எல்லாப் பெட்டிகளிலும் மாஸ்க் சரியா? 255.255.0.0 என்று இருந்தால் அடுத்த தெருவையும் தன் தெரு என்று நினைத்துக் கேட்வேயிடம் கொடுக்காது.

3. கேட்வேயில் ஃபார்வர்டிங் திறந்திருக்கிறதா?

4. போக வழி, திரும்ப வழி இரண்டும் எழுதப்பட்டுள்ளனவா? இரண்டு முனையிலிருந்தும் சோதியுங்கள்.

5. ஃபயர்வாலைக் கடைசியில் பாருங்கள். முழுவதும் அணைக்காதீர்கள்.

6. எல்லாம் சரியானதும் நிரந்தரமாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ஒரு தடவை கரண்ட் போய் வந்ததும் பழைய கதைதான்.

கமிட்டிக்குச் செலவு இரண்டாவது நெட்வொர்க் கார்டும் கொஞ்சம் ஒயரும்தான். பிழை என்னுடையது, கண்டுபிடித்தது அந்தப் பெண் என்பதைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாடியில் 1994 மலரைத் திறந்தார்கள். வீட்டில் இந்தியும் மராட்டியும் ஆங்கிலமும் கலந்து பேசும் என் பேத்தி, பாட்டியின் கட்டுரையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ழ' வரும் இடத்தில் தடுக்கியது. கரும்பு கிடைக்காமல் நாங்கள் கடை கடையாக அலைந்த கதை வந்ததும் சிரித்துவிட்டு, "தாத்தா, நிஜமாவா?" என்றாள்.

நிஜம்தான் என்றேன். மீதிக் கதையை வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன்.