முதலில் விட்டுக்கொடுப்பவரே தலைவர்



சங்கப் புலவர்கள் தகடூர் என்று பாடிய ஊரே இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுளைத் தரவல்லதாகக் கருதப்பட்ட நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்த வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். தொண்டைமானோடு போர் மூளவிருந்த வேளையில் அந்த ஔவையாரே அதியமானுக்காகத் தூது சென்றார். தனக்குக் கிடைத்ததைப் பிறருக்காக விட்டுக்கொடுப்பதும், பகை முற்றுமுன் இடைபுகுந்து பேசுவதும் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல.

ஆனால் அதே மண்ணில், 2012ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் தீக்கிரையாயின. சாதி கடந்த ஒரு திருமணமும், அதைத் தொடர்ந்து நேர்ந்த ஒரு தந்தையின் மரணமும் அந்தச் சினத்திற்குக் காரணங்களாக அமைந்தன. சம்பந்தப்பட்டவை இரண்டு குடும்பங்கள். சூறையாடப்பட்டு எரிந்தவையோ 200க்கும் மேற்பட்ட வீடுகள்! அவ்வீடுகளில் வாழ்ந்த முதியோரும் பிள்ளைகளும் அந்தத் திருமணத்திற்கு எவ்வகையில் பொறுப்பாவார்கள்?

இது பிற சமூகத்தாரின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. ஒருவர் செய்ததற்கு அவருடைய கூட்டத்தார் அனைவரையும் தண்டிக்கத் துடிக்கும் சினம் எந்தச் சமுதாயத்தையும் பற்றக்கூடியது. நம் மஹல்லாவின் வாசலுக்கும் அது ஒரு நாள் வரலாம். அந்நாளில் நம்மை வழிநடத்துவோர் யார்? அவர்கள் என்ன செய்தல் வேண்டும்?

அரபாத் பெருவெளியில்

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோன்றிய காலத்து அரபகம் பழிக்குப் பழி என்னும் நெருப்பில் வெந்துகொண்டிருந்தது. ஒரு குலத்தான் கொல்லப்பட்டால், கொன்றவனுடைய குலத்தில் எவன் அகப்பட்டாலும் அவன் உயிரைப் பறிப்பதே வீரம் எனப்பட்டது. மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டு, புஆத் என்னும் யுத்தத்தில் தங்கள் தலைவர்கள் பலரையும் இழந்து நின்றார்கள். 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் செய்து அங்கே வந்த நபிகளார் அவ்விரு குலத்தாரையும் சகோதரர்களாக்கினார்கள். ஒருவரை ஒருவர் வெட்டி வீழ்த்திய அவர்களே ‘அன்சாரிகள்’ என்னும் ஒரே பெயரால் வரலாற்றில் நிலைபெற்றார்கள்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது அரபாத்தில் பேருரை நிகழ்த்திய பெருமானார் அவர்கள், அறியாமைக் காலத்துப் பழிவாங்கும் உரிமைகள் யாவும் ஒழிக்கப்பட்டன என்று அறிவித்தார்கள். அவற்றுள் முதலாவதாக எதனை ஒழித்தார்கள் தெரியுமா? தம் உறவினர் ரபீஆவின் மகன், பால்குடிப் பருவத்தில் ஹுதைல் குலத்தாரால் கொல்லப்பட்டிருந்தான். அந்தப் பழியையே முதலில் தள்ளுபடி செய்தார்கள். வட்டியை ஒழித்தபோதும் தம் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே முதலில் நீக்கினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! ‘நீங்கள் மன்னியுங்கள்’ என்று ஊராரிடம் சொல்வது எளிது. ‘என் குடும்பத்து உரிமையை நான் விட்டேன், இனி நீங்களும் விடுங்கள்’ என்று சொல்வதற்கே தலைமை தேவைப்படுகிறது.

ஆஸன்ஸோல் இமாம்

இஃது அந்தக் காலத்தோடு முடிந்த கதையன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மேற்கு வங்காளத்தின் ஆஸன்ஸோல் நகரில் ராமநவமி ஊர்வலத்தையொட்டிக் கலவரம் மூண்டது. நூரானி பள்ளிவாசலின் இமாம் மௌலானா இம்தாதுல்லாஹ் ரஷீதி அவர்களின் 16 வயது மகன், பத்தாம் வகுப்புத் தேர்வை அப்போதுதான் எழுதி முடித்திருந்தவன், அதில் கொல்லப்பட்டான். ஜனாஸாவிற்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இளைஞர்களின் நெஞ்சம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொல் தவறியிருந்தால் அந்நகரில் எத்தனை வீடுகள் எரிந்திருக்குமோ!

மகனைப் பறிகொடுத்த அந்தத் தந்தை மக்கள்முன் நின்றார். தம்மீது அன்பு கொண்டோர் ஒருவரும் எவர்மீதும் கை ஓங்கலாகாது என்று வேண்டினார். பழிவாங்க முற்பட்டால், தாம் பள்ளிவாசலையும் நகரையும் விட்டே சென்றுவிடப்போவதாக எச்சரித்தார். கூட்டம் அடங்கிற்று. அந்நகரில் சினம் கொள்ள அவரைவிட அதிக உரிமை உடையவர் எவரும் இல்லை. அவரே அதனை விட்டுவிட்ட பிறகு, மற்றவர் எந்த நியாயத்தைச் சொல்லிக் கல்லெடுக்க இயலும்?

‘அப்படியாயின் கொலைகாரனைத் தண்டிக்கவே கூடாதா?’ என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. குற்றவாளியைக் கண்டறிந்து தண்டிப்பது நீதிமன்றத்தின் கடமை. அதனை நம் மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் அடிப்படைக் கோட்பாடு. கொலையாளியின் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காக யாரோ ஒரு கடைக்காரரின் கடையைக் கொளுத்துவது நீதியாகாது. அதுவே மற்றொரு குற்றமாகும்.

சோற்றுப் பானையும் மருந்தாகும்

சினத்தை அடக்குவதோடு தலைமையின் பணி முடிந்துவிடுவதில்லை. காயத்தை ஆற்றுவதும் அதன் கடமையே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் திருமண விருந்துக்காகச் சமைத்திருந்த உணவை, உற்றாரையும் உடைமையையும் இழந்து வந்த மீனவ மக்களுக்கு எடுத்து வழங்கினார்கள். ஜமாஅத்தே முன்னின்று அம்மக்களுக்கு உணவளித்து உதவியது. பசித்து வந்தவர் எந்த மதத்தவர் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

நாம் செய்யவேண்டியவை

தருமபுரி போன்ற ஊர்களில் நம் மஹல்லாக்களின் இமாம்களும் முத்தவல்லிகளும் நாள்தோறும் குடும்பப் பிணக்குகளையும் சொத்துத் தகராறுகளையும் தீர்த்துவைக்கிறார்கள். அந்த அனுபவம் பெருந்துன்பம் நேரும் நாளுக்கான பயிற்சியே ஆகும். எனினும் அமைதிக் காலத்தில் பிற சமூகத்துப் பெரியோருடன் பழகாத ஒருவர், கலவர நாளில் அவர்கள் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவார்? அவர்களுடைய துக்க வீட்டிற்கு இன்று சென்று வந்தவரின் சொல்லே நாளை அங்கே எடுபடும்.

இல்லங்களுக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே என்று நபிகளார் அறிவுறுத்தியுள்ளார்கள். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. இன்று அச்செய்தி நம் கைப்பேசியிலேயே வந்து இறங்குகிறது. உண்மையென உறுதிப்படாததை ஒருவருக்கும் அனுப்பாதிருக்கும் தாயும் தந்தையும் தம் வீட்டளவில் ஒரு கலவரத்தைத் தடுத்தவர்களாவார்கள்.

பிணங்கிய மக்களிடையே இணக்கம் உண்டாக்குவது, உபரியான நோன்பையும் தொழுகையையும் தருமத்தையும்விட உயர்ந்தது என்பது அண்ணலாரின் போதனை. இன்று ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் சகோதரரே! உம்மோடு பேசாதிருக்கும் உறவினரோ அண்டை வீட்டாரோ ஒருவர் இருப்பார். நியாயம் உம் பக்கமே இருக்கலாம். ஆயினும் முதல் ஸலாமை, முதல் சொல்லை நீரே சொல்லும்.

காயமுற்ற நெஞ்சங்களை ஆற்றும் நல்லோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.