உஷார்! அந்தக் குட்டி ஆமை வேண்டவே வேண்டாம்

கலர் மீன் கடைத் தொட்டியில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாகப் பச்சை ஓட்டோடு நீந்துகிறதே ஓர் ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையோடு? பிள்ளை அடம்பிடிக்கிறதே என்று அதை வாங்கிக்கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்!

அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை. “இவ்வளவுதான் சார், பெரிசா வளராது” என்பார்கள். நம்பாதீர்கள். ஓடு மட்டுமே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளரும். 20, 30 ஆண்டுகள் உயிரோடிருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து சால்மோனெல்லா கிருமி. ஆமை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கழிவில் கிருமி வெளியேறி, தொட்டித் தண்ணீரிலும் ஓட்டிலும் ஒட்டியிருக்கும். தொட்டுவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஐந்து வயதுக்குள் என்றால் உயிருக்கே ஆபத்தாகலாம். தொட்டியைச் சமையலறை சிங்கில் கழுவுகிறார்களே, அது இன்னும் மோசம்! இதனால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவே 1975-இல் தடை போட்டது.

பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வரும் பெட்டிகளில் கடத்தல் ஆமை, மலைப்பாம்பு என்று அடிக்கடி பிடிபடுகின்றன. எந்தப் பரிசோதனையும் இல்லாமல் வருபவை இவை. முறையாக இறக்குமதியானாலும் நிம்மதி இல்லை. 2003-இல் கானாவிலிருந்து டெக்சாஸ் போன எலிகளோடு குரங்கம்மையும் போனது. பக்கத்தில் வைத்திருந்த பிரெய்ரி நாய் என்ற கொறிவிலங்குகளுக்குத் தொற்றி, அவற்றைச் செல்லப்பிராணியாக வாங்கியவர்கள் உட்பட 40-க்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தது.

மக்காவ் கிளி, பால் பைத்தான், இகுவானா வாங்க நினைப்பவர்களே, சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இத்தகைய உயிரினங்களை வைத்திருந்தால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். விற்பவரிடம் ஆவணம் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே செங்காது ஆமை வளர்ப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ‘புண்ணியம்’ என்று நினைத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களில் இதுவும் ஒன்று. நம்மூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துவிடும். வளர்க்க முடியவில்லையென்றால் முதலில் வனத்துறையிடம் பேசுங்கள். அதுவரை தொட்டியிலேயே இருக்கட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.