பேரப்பிள்ளைக்கு ஒரு மரவண்டில்

புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர் இல்லங்களில் பிறந்தநாள் விழாக்களுக்குக் குறைவில்லை; பரிசுப் பொருட்களுக்கும் குறைவில்லை. மின்கலம் தீர்ந்ததும் மூலையிற் கிடக்கும் பொம்மைகள் வீட்டை நிறைக்கின்றன. அப்பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாரோ கொடுப்பதற்கு ஏதுமற்றவர்போல் ஒதுங்கி அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். பேரன் பேசும் பிரெஞ்சோ ஜேர்மனோ தாத்தாவுக்கு விளங்குவதில்லை. தாத்தாவின் தமிழ் பேரனுக்கு எட்டுவதில்லை. இவ்விருவரையும் ஒரு மேசையருகே அமர்த்தச் சிறு மரத்துண்டொன்று போதும் என்பதே நம் கருத்து.

மரத்தால் விளையாட்டுப் பொருள் செய்வது நமக்குப் புதிதன்று. தச்சன் செய்த சிறு வண்டியைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாகக் காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் குரும்பட்டியாலும் ஈர்க்காலும் தேர் கட்டி இழுத்தவர்கள் நாம். நடை பயிலும் குழந்தைக்கு மூன்று சில்லு நடைவண்டியை ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கையிற் கொண்டு சென்றவை சிலவே. நடைவண்டிகளும் தொட்டில்களும் அங்கேயே தங்கிவிட்டன. பரம்பரைப் பொருள் என்று காட்ட ஒன்றுமில்லாத பிள்ளைகளுக்கு அதனைப் புதிதாக நாமே தொடக்கி வைத்தல் வேண்டும்.

இங்கு பூவரசும் வேம்பும் இல்லை. ஐரோப்பாவில் எளிதிற் கிடைக்கும் பீச் மரம் உறுதியானது. எளிதிற் சிராய் எழாதது. பழைய வேலிப் பலகைகளைத் தொடவேண்டா. 2004ஆம் ஆண்டுக்கு முன்னர் பதப்படுத்தப்பட்ட வெளிப்புற மரங்கள் பலவற்றில் ஆசனிக்கு சேர்க்கப்பட்டிருந்தது.

ஒரு சாண் நீளமும் அரைச்சாண் அகலமும் உடைய பலகை, 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நான்கு சில்லுகள், 10 மில்லிமீற்றர் தடித்த உருளைக் கம்புகள் இரண்டு ஆகியவை ஒரு வண்டிலுக்குப் போதும். கம்பின் முனைகளைச் சில்லுகளில் இறுக ஒட்டி, பலகையின் அடியிலுள்ள துளையை 11 மில்லிமீற்றராக்கினால் அச்சு இலகுவாய்ச் சுழலும். உருண்டைக் கிளையைக் குறுக்கே அறுத்துச் சில்லாக்குவது சுலபமாய்த் தோன்றும். ஆனால் உலரும்போது அது வெடித்துவிடும். ஆண்டு வளையங்களின் வழியே மரம் சுருங்கும் அளவு, நடுவை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆதலால் பலகையிலிருந்தே சில்லை வெட்டுதல் வேண்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதனையும் வாயில் வைக்கும். ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் அகலமுள்ள குழாயினுள் முழுதாய் அடங்கக்கூடிய எத்துண்டும் தனியே கழன்று வரலாகாது. கழுத்திற் சுற்றக்கூடிய நீளக் கயிறும் ஆகாது. வர்ணம் பூசுவதாயின் 'ஈ.என். 71-3' எனக் குறித்ததை வாங்குக. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தல் கூடாது. அது தானே தீப்பற்றும். வெளியே விரித்து உலரவிடுக.

இவற்றையெல்லாம் பெரியவர் தனியே செய்து முடித்துப் பொதிகட்டிக் கொடுப்பதில் பாதிப் பயனே உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் மண்கடதாசியைக் கொடுங்கள். மரத்தின் ஓட்டத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். வாள், உளி, சீவுளி, துறப்பணம், அச்சு, சில்லு என ஒவ்வொன்றையும் பெயர்சொல்லிக் கேளுங்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டிய சொல் மறந்துபோவதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். கையாற் பிடித்த சொல் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

ஊரில் கைதேர்ந்த தச்சராயிருந்தோர் சிலர் இங்கு உணவகங்களிற் கோப்பை கழுவியே ஓய்ந்துள்ளனர். அவர்தம் கைத்திறனை அவர்களின் பேரப்பிள்ளைகளே அறியார். நமது தமிழ்ப் பாடசாலைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் அவர்களை அழைத்து, பிள்ளைகளின் நடுவே அமர்த்துதல் நன்று. உளி பிடிக்கத் தெரியாத பாட்டிமார் வர்ணந் தீட்டலாம்.

வண்டில் முடிந்ததும் அதன் அடியில் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தமிழில் எழுதுங்கள். அவ்வெழுத்துக்களைப் பிள்ளை தானே வாசிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.