சுவருக்கு அப்பால் ஓர் அழுகுரல்

கரோல் பாகின் மாடிக் குடித்தனங்களில் ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கத்துப் போர்ஷனில் தாளிக்கும் வாசனை வருவது போலவே, அடி விழும் சத்தமும் வரும். அடி வாங்குபவள் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தும், "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கேன் வம்பு?" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்வோர் உண்டு.

ஊரிலாவது ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய் வீடு என்று ஒரு வழி இருக்கிறது. தில்லியில் குடித்தனம் செய்பவளுக்குத் தாய் வீடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இந்தியும் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு மாமியோ அக்காவோதான் கதி.

அண்டை வீட்டாரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, இதே தில்லியில் நடந்த சுதா கோயல் வழக்கு பதில் சொல்லும். 1980 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, நிறைமாதக் கர்ப்பிணியான அவர் உடலில் தீப்பற்றியது. விபத்து என்றது புகுந்த வீடு. அலறல் கேட்டு ஓடி வந்த அண்டை வீட்டாரிடமோ, தம்மைக் கொளுத்தியவர்கள் யார் என்பதை அவர் சொல்லிவிட்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. கேட்டவர்கள் அதைக் கோர்ட்டிலும் சொன்னார்கள். 1983 மே மாதம் செஷன்ஸ் கோர்ட் கணவர், மாமியார், மைத்துனர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. நவம்பரில் ஹைகோர்ட் மூவரையும் விடுவிக்கவே, மாதர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. 1985இல் சுப்ரீம் கோர்ட் அண்டை வீட்டாரின் சாட்சியத்தை நம்பி, கணவருக்கும் மாமியாருக்கும் ஆயுள் தண்டனை அளித்தது. மைத்துனரின் விடுதலை நிலைத்தது.

எல்லா வீட்டிலும் தீ வரை போவதில்லை. அறையும் உதையுமே அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கர்ப்ப காலத்தில் அடிபட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 3 பேர். இது வாய் திறந்தவர்களின் கணக்கு. "பாத்ரூமில் வழுக்கிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்பவர்கள் இதில் சேரமாட்டார்கள். வயிற்றில் படும் அடியால் நஞ்சு கருப்பையை விட்டுப் பிரிந்து உதிரப்போக்கு ஏற்படலாம். மேலே காயமே தெரியாமலும் இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே உசிதம். கரோல் பாகிலிருந்து லேடி ஹார்டிஞ்சும் லோஹியாவும் தூரமில்லை.

2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவள்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் சொன்னவர் மீது வழக்கு வராது. வாடகை வீடேயானாலும் அவளை வெளியே தள்ளக் கணவனுக்கு உரிமையில்லை. பிரசவத்துக்கு மதுரைக்கோ தஞ்சைக்கோ போயிருந்தால், அங்குள்ள மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். தில்லிக்குத் திரும்பி வரத் தேவையில்லை.

பெண்களுக்கான உதவி எண் 181. போலீஸ் அவசரத்துக்கு 112. அவளுக்கு இந்தி வராவிட்டால், வருகிற பக்கத்து வீட்டார் பேசலாம்.