தலைப்பிரட்டை ஆகாத தவளை

மழை பிடித்துவிட்டால் கொடைக்கானல் சோலைகளில் இருட்டியதும் புதர்த்தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். சத்தம் கேட்கும், ஆள் அகப்படாது. பெரும்பாலானவை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். இவற்றில் ஒன்றான ராவர்செஸ்டஸ் டுபோயிஸ் இனத்தை எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசைட்டும் 2006இல் கொடைக்கானலிலிருந்துதான் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். ஈரமான இலையிலோ மண்ணிலோ முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான் வெளிவரும்.

இது எப்படிச் சாத்தியம்? முதலில் வழக்கமான கரு வளர்ச்சியைப் பார்ப்போம். முட்டை பிளந்து பிளந்து செல்களின் உருண்டையாகும். பிறகு ஒரு பகுதிச் செல்கள் உள்ளே புரண்டு போக, மூன்று அடுக்குகள் அமையும். கோழி முட்டையில் இவற்றை 1817இல் கண்டு சொன்னவர் கிறிஸ்டியன் பாண்டர். புற அடுக்கு மேல்தோலும் நரம்பும் மூளையும் ஆகும். நடு அடுக்கு இதயம், சிறுநீரகம், தசை, எலும்பு. அக அடுக்கு குடலின் உட்சுவர், கல்லீரல், கணையம். நுரையீரலும் குடல் குழாயிலிருந்து கிளைத்ததுதான். பலருக்கு இது வியப்பாக இருக்கும்.

பாடநூல் அட்டவணை இத்தோடு நின்றுவிடுகிறது, அது பாதிக் கதை. எந்த அடுக்கும் தனியாக உறுப்பாவதில்லை. கல்லீரலையே பாருங்கள்: அக அடுக்கில் அது மொட்டு விட வேண்டுமானால், பக்கத்தில் இதயமாகிக்கொண்டிருக்கும் நடு அடுக்குத் திசுவிலிருந்து புரதச் சமிக்ஞை வந்தாக வேண்டும்.

தலைப்பிரட்டையைத் தாண்டிப்போகும் தவளையில் இந்த ஏற்பாடே மாறுகிறது. இது நன்றாக ஆராயப்பட்டிருப்பது போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளையில். வழக்கமான தவளையில் மஞ்சள் கரு நிறைந்த அக அடுக்குச் செல்களே குடலில் சேர்ந்துவிடும். கோக்கியின் முட்டையோ 3.5 மில்லிமீட்டர், ஆய்வகத் தவளையான செனோபஸின் முட்டையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதில் பெரும்பகுதி அக அடுக்குச் செல்கள் எந்த உறுப்பும் ஆவதில்லை. கட்டுச்சோறாக இருந்து கரைந்துபோகின்றன. பொரித்து வந்த குட்டிக்கும் கொஞ்ச நாள் அதுதான் சாப்பாடு. கால்களோ முட்டைக்குள்ளேயே, வெகு சீக்கிரம் முளைத்துவிடுகின்றன.

தண்ணீரில் கிடக்காத இந்த முட்டைகளுக்குச் சோலையின் ஈரம்தான் குளம். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் நடக்கும்போது சருகையும் பாசியையும் புரட்டாதீர்கள். கண்ணாடி மணி போன்ற முட்டைகள் கண்ணில் பட்டால் தொடாமல் நகர்ந்துவிடுங்கள்.