ஆறு வாரத் தாய் வீடு!

"ஏன் ஆச்சி, வளர்த்துப்புட்டுத் திருப்பிக் கொடுக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ?" கல்லலில் என்னைப் பார்க்கிற தோழிகள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் கொடுத்தது இரண்டு பூனைக்குட்டிகளை!

சென்னையில் 'ப்ளூ கிராஸ்' இருப்பது பலருக்கும் தெரியும். கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-ல் ஆரம்பித்தது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்யலாம் என்று 1964-லேயே சொன்னவர்கள் அவர்கள். சென்னை மாநகராட்சி 1996-ல்தான் அந்த வழிக்கு வந்தது.

ஆனால், எவ்வளவு நல்ல காப்பகமாக இருந்தாலும் அங்கே கூட்டம் அதிகம். தடுப்பூசி போடாத பச்சைக் குட்டிகளுக்கு அந்தக் கூட்டமே எமன். நாய்க்குட்டிகளுக்கு 'பார்வோ' என்ற ரத்தபேதி பரவினால் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் குட்டிகள் தேறும் வரை சில வாரங்கள் வைத்துக் கொள்ள வீடுகளைத் தேடுகிறார்கள்.

சென்னையிலுள்ள என் மகள் அப்படித்தான் தாயில்லாத மூன்று பூனைக்குட்டிகளை வாங்கி வந்தாள். அப்போதுதான் கண் திறந்திருந்தன. பேரனைப் பார்க்கப் போன நான், இவற்றுக்கும் ஆயாவானேன். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்று டாக்டர் தனிப் பால்பவுடர் எழுதிக் கொடுத்தார். மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியிலும், குப்புறப் படுக்க வைத்துப் புகட்ட வேண்டும். பிறகு ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்தால்தான் சிறுநீர் போகும். வெந்நீர் பாட்டிலில் பழைய நூல் சேலையைச் சுற்றிப் பக்கத்தில் வைப்போம்.

ஆறாம் நாள், இருப்பதிலேயே சின்னக்குட்டி செத்துப் போனது. மகள் அழுதாள். "இது நமக்கு வேணாம்" என்றார் மாப்பிள்ளை. "மத்த ரெண்டும் பசிக்குக் கத்துதே மாப்பிள்ளை" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்று ராத்திரிப் பாலை அவரேதான் புகட்டினார்!

ஆறு வாரத்தில் இரண்டும் திரையைப் பிடித்து ஏறுமளவு தேறிவிட்டன. முதல் தடுப்பூசி போட்டு, ஒரு நல்ல குடும்பத்துக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். "ஆயா, நம்ம குட்டியை ஏன் கொடுக்கணும்?" என்று பேரன் தேம்பினான். "இதுங்க போனாத்தானேடா அடுத்த குட்டிக்கு இடம்?" என்றேன். பிரசவத்துக்கு வந்த மகளை மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறோமே, அதில் அன்பு குறைந்தா போகிறது? அது மாதிரிதான் இதுவும்.

செய்ய நினைக்கும் சகோதரிகளுக்குச் சில விஷயங்கள்: மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை வாரம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து விடாதீர்கள். பூனைக்கு அது விஷம். நாய்க்கு வெங்காயமும் சாக்லேட்டும் ஆகாது. கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ளுங்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் எத்தனையோ பெரிய வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. முற்றமும் பின்கட்டும் உள்ள வீடுகளில் நாங்கள் இரண்டு பேர், மூன்று பேராக இருக்கிறோம். மழைக்காலத்தில் வாசலில் ஒதுங்கும் தாயில்லாக் குட்டிக்குப் பின்கட்டில் ஒரு கோணியும், ஆறு வாரச் சோறும் கொடுத்து, ஊசி போட்டு, தோப்பு வீட்டுக்கோ, தெரிந்தவர்களுக்கோ சேர்த்து விடலாம். ஆயுசு முழுக்க வளர்க்க முடியாதே என்று கதவைச் சாத்த வேண்டியதில்லை.

என்ன தோழிகளே, உங்கள் வீட்டுப் பின்கட்டு காலியாகத்தானே இருக்கிறது?

- ஒரு வாசகி, கல்லல்.